பெல்ட் கத்துகிறது: இறுக்குவதா, மாற்றுவதா, செட்டாகப் போடுவதா?

காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து ‘வீல்’ என்று ஒரு சத்தம். ஐந்து நொடி, பத்து நொடி, அப்புறம் தானாக அடங்கிவிடும். எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்துவார். நாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இப்படியே எட்டு மாதம் ஓட்டியவன் நான். அப்புறம் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டு பெல்ட்டை மாற்றினேன். மூன்றாவது வாரம் சத்தம் திரும்பி வந்தது. இறுக்கிக் கொடுத்தார்கள், போனது, மறுபடி வந்தது. இன்னும் இறுக்கினார்கள். ‘வீல்’ சத்தம் ஒழிந்தது, ஆனால் இரண்டே மாதத்தில் ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும் பாகம்) பேரிங் உறும ஆரம்பித்தது. எல்லாச் செலவும் முடிந்த பிறகுதான் தெரிந்தது, மூல காரணம் ஐந்து வயதான பேட்டரி என்று.

பேட்டரிக்கும் பெல்ட் கத்துவதற்கும் என்ன சம்பந்தம்? அதற்கு பெல்ட் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம்மூரில் இதற்கு இன்றும் ஃபேன் பெல்ட் என்றுதான் பெயர். அம்பாசடர் காலத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த விசிறியை இதுதான் சுற்றியது. இப்போதைய சின்ன கார்களில் விசிறி மின்மோட்டாரில் ஓடுகிறது. பெயர் மட்டும் பெல்ட்டோடு தங்கிவிட்டது. கடையில் ஃபேன் பெல்ட் என்றே கேளுங்கள், புரியும். டைமிங் பெல்ட் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அது மூடிக்குள் இருக்கும் பல் வைத்த பெல்ட். வேலையும் வேறு, விலையும் வேறு.

பெல்ட் மாட்டும் பள்ளமுள்ள சக்கரத்துக்குப் புல்லி என்று பெயர். இன்ஜினின் கீழ்ப்பக்கம் இருக்கும், இன்ஜினே சுற்றும் கிராங்க் புல்லிதான் இந்தப் பெல்ட்டை இழுக்கிறது. பெல்ட் போய் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் சுற்றுகிறது. பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதில்தான். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதன் பம்ப்பும் சேரும். சில வண்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே நீளமான பெல்ட்; சிலவற்றில் இரண்டு, மூன்று குட்டிப் பெல்ட்டுகள். இதில் முதலில் வழுக்குவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் புல்லியில்தான். அது சின்னது, பெல்ட் அதைத் தொடும் பரப்பும் குறைவு, கிராங்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகவும் சுற்ற வேண்டும். சுமையும் லேசானதல்ல. 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் கொடுக்கிறது என்றால் 840 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் அதைச் சுற்ற ஏறக்குறைய 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன் வேண்டும். ஒரு வீட்டு போர் மோட்டாரை அந்த உள்ளங்கையகலப் புல்லியில் மாட்டியதுபோல.

பேட்டரி நன்றாக இருந்தால் ஸ்டார்ட் செய்ததில் இழந்ததை ஆல்டர்னேட்டர் சீக்கிரம் நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடும். வயதான பேட்டரி இராத்திரியிலேயே பாதி வடிந்திருக்கும். ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியே முழுச் சுமையும் ஆல்டர்னேட்டர் தலையில் விழுகிறது, குளிர்ந்து விறைத்த பெல்ட் பிடி கொடுக்காமல் வழுக்குகிறது, கத்துகிறது. பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் அடங்கிவிடுகிறது. என் வண்டியில் நடந்தது இதுதான். ஆகவே காலையில் மட்டும் கத்தும் வண்டி என்றால், பெல்ட்டைத் தொடுவதற்கு முன் இராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் பரவாயில்லை. 12.2, 12.1 என்று காட்டினால் சந்தேகம் பேட்டரி பக்கம் திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்டும். ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இது மாறி மாறித் தெரியலாம்.

சரி, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது கவனிக்க வேண்டியது, சத்தம் எப்போது வருகிறது என்பதை. ஏசி பொத்தானை அமுக்கியதும் கத்தினால் கம்ப்ரசர் பக்கம். வண்டியை நிறுத்தத் திருப்பும்போது, ஸ்டியரிங் கடைசி வரை போன இடத்தில் கத்தினால் ஸ்டியரிங் பம்ப் பக்கம். மின்மோட்டார் ஸ்டியரிங் என்றால் இதை விட்டுவிடலாம். ஹெட்லைட், ப்ளோயர், பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் கத்தினால் ஆல்டர்னேட்டர். மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் கத்தி, ஒரு நிமிடத்தில் அடங்கினால் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம். முன்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ஏதாவது ஒரு வேகத்தடையில் உரசி அது கழன்று போயிருக்கும், கார்த்திகை மழை வந்த பிறகுதான் நமக்கு அது தெரியும்.

சத்தத்தின் ரகமும் முக்கியம். சுமை ஏறும்போது நீளமாக ‘வீல்’ என்பது ஒன்று. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது அணில் கத்துவதுபோல ‘கீச் கீச் கீச்’ என்று தாளம் தவறாமல் வருவது வேறொன்று. முதலாவது பெல்ட் வழுக்கும் சத்தம். இரண்டாவது பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லாததால் வருவது. பெல்ட் பள்ளத்துக்குள் சாய்வாக நுழைந்து உரசுகிறது. சுமை மாறினாலும் மாறாமல், வேகம் கூடக்கூட ‘ர்ர்ர்’ என்று உறுமுவது பேரிங். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை அந்தந்தப் பாகத்தின் சுழலாத கூட்டில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டால் எது என்று பிடித்துவிடலாம். பழைய மெக்கானிக்குகள் இன்னும் இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பைவிட மோசமில்லை.

முதல் இரண்டையும் பிரித்தறிய, பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில், அதாவது நீளவாக்கில் மேடு பள்ளமாக இருக்கும் பக்கத்தில், தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்வாக இருக்கிறது: இருந்த கொஞ்சப் பிடியையும் தண்ணீர் எடுத்துவிடுவதால் இன்னும் வழுக்குகிறது. சத்தம் சட்டென்று நின்று சில நொடியில் திரும்பி வந்தால் நேர்கோடு பிசகியிருக்கிறது: உரசும் இடத்தைத் தண்ணீர் மழமழப்பாக்கியதால் நின்றது, காய்ந்ததும் தொடங்கியது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ, துப்பட்டா தொங்கவோ ஓடும் இன்ஜின் மேல் குனியாதீர்கள். சூடான இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும்.

முதல் வழி, டப்பா ஸ்ப்ரே. பெல்ட் டிரெஸ்ஸிங் என்று விற்கிறார்கள். நாட்டு வைத்தியமாக சோப்புக் கட்டி, மெழுகுவர்த்தி, டால்கம் பவுடர். இவை எல்லாமே சத்தத்தை அடக்கும், அதில்தான் சிக்கலே. பிசுபிசுப்பான ஸ்ப்ரே கொஞ்ச நாள் பிடியைக் கூட்டும், அப்புறம் ரோட்டுப் புழுதியை எல்லாம் இழுத்துப் புல்லிப் பள்ளத்தில் அப்பி வைக்கும். சோப்பும் மெழுகும் நேர் எதிர். வழுக்கலைக் கூட்டிச் சத்தத்தை மட்டும் மூடும். பேட்டரி நிரம்பாமல் போவது காதில் விழாது. பழைய கார் வாங்கப் போகும்போது பெல்ட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தால் விலை பேசும் முன் கொஞ்சம் நில்லுங்கள். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் நடுவழியில் கத்த ஆரம்பித்தாலும் ஏசியை அணைத்து, தேவையில்லாத விளக்குகளை அணைத்து, வெப்பமுள்ளைக் கவனித்துக்கொண்டே அடுத்த ஊர் வரை போவதுதான் மேல். பேட்டரி விளக்கு எரிந்து வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்தோ கழன்றோ இருக்கலாம். வாட்டர் பம்ப்பும் நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே ஓரங்கட்டுங்கள்.

இரண்டாவது, இறுக்குவது. மெக்கானிக்குக்கு இது பத்து நிமிட வேலை, கூலியும் சொற்பம், ஆகவே எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இது எல்லா வண்டிக்கும் முடியாது. ஆல்டர்னேட்டர் ஒரு நீள்துளைப் பட்டையில் நகர்ந்து நிற்கும் வண்டிகளில் மட்டும்தான் கையால் இறுக்க முடியும். ஸ்பிரிங் வைத்த ஆட்டோமேட்டிக் டென்ஷனர் இருந்தால் இறுக்க இடமே இல்லை. அது தானாக இறுக்கும், இல்லையென்றால் அதுதான் கெட்டிருக்கிறது. அந்த மாதிரி வண்டிக்கு “இறுக்கிவிட்டேன் சார்” என்று யாராவது சொன்னால், எதை என்று கேளுங்கள். இன்னொரு ரகம் எலாஸ்டிக் பெல்ட், இறுக்கும் வசதியே இல்லாமல் தன் இழுவையாலேயே இறுகி நிற்கும். கழற்றினால் பெரும்பாலும் மறுபடி மாட்டக்கூடாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதுதான்.

கையால் இறுக்கும் வண்டியில் இறுக்குவது சரியான முடிவாக இருப்பது ஒரே நிலையில்தான்: பெல்ட் புதியது, சமீபத்தில் மாட்டியது. புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் பள்ளத்தில் அமர்ந்து கொஞ்சம் தளரும். அப்போது ஒரு தடவை பார்த்து இறுக்கியாக வேண்டும். “ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க” என்று சொல்லும் மெக்கானிக் நல்ல மெக்கானிக். அளவும் கைக்கணக்கில் வேண்டாம். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியின் மையத்தைச் சுமார் 10 கிலோ விசையில் அமுக்கினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்; புதிய பெல்ட்டுக்கு ஓர் எண், ஓடிய பெல்ட்டுக்கு ஓர் எண். புத்தகம் கையில் இல்லாவிட்டால் அதே இடத்தில் விரலால் கால் திருப்பு முறுக்க முடிகிறதா என்று பார்ப்பது தோராயமான வழி. அதற்கு மேலும் திரும்பினால் தளர்வு. கால் திருப்புக்கே முரண்டுபிடித்தால் இறுக்கம் அதிகம், அந்த இறுக்கத்தை ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சுமக்கும். நான் சம்பளம் கொடுத்துப் படித்த பாடம் இது. இரண்டு வருடம் ஓடிய பெல்ட்டை ஒரு தடவை இறுக்கியும் மாதத்துக்குள் சத்தம் திரும்பினால், இரண்டாவது தடவை ஸ்பானரை எடுக்க விடாதீர்கள்.

மூன்றாவது, பெல்ட்டை மட்டும் மாற்றுவது. இங்கேதான் பெரும்பாலானோர் பெல்ட்டைத் தப்பாகப் படிக்கிறார்கள். திருப்பிப் பார்த்து “வெடிப்பே இல்லையே, நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகளுக்கு அது சரி, வயதானால் வெடித்துவிடும். இப்போது பெரும்பாலும் வருவது இபிடிஎம் ரப்பர். அது சுலபத்தில் வெடிக்காது, டயர் தேய்வதுபோலத் தேயும். வரிகளின் பக்கவாட்டுச் சுவர்கள்தான் புல்லிப் பள்ளத்தில் ஆப்பு அடித்ததுபோலச் சிக்கிப் பிடி கொடுக்கின்றன. அவை தேய்ந்தால் பெல்ட் இன்னும் உள்ளே இறங்கி, வரியின் நுனி பள்ளத்தின் அடியைத் தொட்டுவிடும். ஆப்பு போய்விட்டது, வழுக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, அழகாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். இதை அளக்க பெல்ட் கம்பெனிகள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேஜ் தருகின்றன. அது இல்லாவிட்டால் கடையில் புதிய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வரிகள் கண்ணாடிபோல் பளபளத்தாலும் அதே கதைதான்.

கையால் இறுக்கும் சின்ன பெட்ரோல் வண்டி, புல்லிகள் நேராக இருக்கின்றன, எண்ணெய் ஒழுகவில்லை, பெல்ட் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் இந்த வழி போதும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு டென்ஷனர் செட் என்று யாராவது ஆயிரக்கணக்கில் எஸ்டிமேட் நீட்டினால் அந்த வண்டியில் டென்ஷனர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும்போது பெல்ட் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 6பிகே1750 என்றால் 6 வரி, பிகே என்பது வரியின் வடிவம், நீளம் 1750 மில்லிமீட்டர். வரி எண்ணிக்கை மாறக்கூடாது. நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசமுள்ளதைக் கொடுத்து “இது செட் ஆயிரும்ணே” என்பார் கடைக்காரர். கையால் இறுக்கும் வண்டியில் ஆகலாம். ஆட்டோமேட்டிக் டென்ஷனரில் பெல்ட்டை அழுத்தி நிற்கும் டென்ஷனர் கையின் வீச்சு முடிந்துபோய், புது பெல்ட்டே தளர்வாக ஓடும். கார் கம்பெனி பெட்டியில் வரும் பெல்ட்டையும் பெல்ட் கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. ஆகவே பெயர் பெற்ற பெல்ட் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் சரியான எண் கிடைத்தால் தயங்க வேண்டாம், விலையும் குறைவு. மதுரைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோச்சடை ஃபென்னர் பெல்ட் கம்பெனி பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பெட்டி போலியா என்பதில்தான் கவனம் வேண்டும், அதற்காகவாவது பில் போடும் கடையில் வாங்குங்கள்.

நான்காவது வழி, செட்டாக மாற்றுவது: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லிகள் (எதையும் இயக்காமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றுபவை). பெல்ட்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும் என்பதால் தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகம் நமக்கு இயல்பாகவே வரும். சில இடங்களில் கட்டவும் செய்கிறார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் டென்ஷனர் உள்ள வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் நான் இந்தப் பக்கம்தான். டென்ஷனர் ஸ்பிரிங்கும் அதற்குள் இருக்கும் அதிர்வடக்கியும் பெல்ட்டோடு சேர்ந்தே வயதாகின்றன. தளர்ந்த ஸ்பிரிங்கில் புது பெல்ட் போடுவது, கயிறு தொய்ந்த கட்டிலில் புது மெத்தை போடுவதுபோல.

சந்தேகம் இருந்தால் கண்ணாலேயே சோதிக்கலாம். ஐடிலில் டென்ஷனர் கை லேசாக அசைந்தால் பரவாயில்லை, துடிதுடித்தால் போயிற்று. அதன் உடம்பில் இரண்டு கோடுகளும் ஒரு முள்ளும் இருந்தால், முள் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு ஐட்லரையும் விரலால் சுண்டிச் சுற்றுங்கள். நல்ல பேரிங் கிரீஸோடு மெதுவாகச் சுற்றி நின்றுவிடும். பம்பரம்போல ‘ஸ்ஸ்’ என்று நெடுநேரம் சுற்றினால் பலர் நல்லது என்று நினைக்கிறார்கள். கிரீஸ் காய்ந்துபோனதன் அடையாளம் அது. இந்த மூன்றும் தேறினால் ஒரு லட்சம் தாண்டியிருந்தாலும் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தால், கொடுத்த காசு நியாயமா என்று நமக்கே தெரியும்.

கடைசியாக, பெல்ட் நன்றாக இருக்கிறது, கெட்டது வேறு என்னும் நிலை. வாட்டர் பம்ப்பில் கூலண்ட் கசிந்து பெல்ட்டில் சொட்டலாம், மேலிருந்து இன்ஜின் ஆயில் வடியலாம். கசிவை நிறுத்தாமல் மாட்டும் எந்தப் பெல்ட்டும் சில வாரங்களில் ஊறி வழுக்கும். ஏசி கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டால் ஏசி போட்டதும் ரப்பர் கருகும் வாடையோடு கத்தும். ஏசியைப் போடாமல் ஓட்டி, நிதானமாக விலை விசாரித்துச் செய்யலாம், அவசரமில்லை. டீசல் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறது. அது இறுகிப்போனால் டென்ஷனர் துடிக்கும், எல்லோரும் டென்ஷனரைக் குற்றம் சொல்வார்கள்.

யாரும் பார்க்காத ஒன்று கிராங்க் புல்லி. பல வண்டிகளில் அது ஒரே இரும்பல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே அதிர்வை வாங்க ரப்பர். அந்த ரப்பர் பிரிந்தால் குடம் சுற்றும், வளையம் பின்தங்கும். எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். குடத்திலிருந்து வளையம் வரை சாக்பீஸால் ஒரே கோடு இழுத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். கோடு இரண்டு துண்டாக நகர்ந்திருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். அணில் சத்த ரகத்துக்கும் காரணம் பல நேரம் ஏதாவது ஒரு புல்லி வெளியே துருத்திக்கொண்டிருப்பதுதான், அதிலும் சமீபத்தில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால். இந்த வேலைகளுக்கு மட்டும், அளந்த விசையில் போல்ட்டை இறுக்கும் டார்க் ரென்ச் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். கிராங்க் போல்ட்டை ஆள் பலத்தில் அடித்து இறுக்குவது நல்லதல்ல. மற்றபடி இறுக்கவும் பெல்ட் மாற்றவும் தெரு முனை மெக்கானிக்கே போதும், பத்து நிமிடம் கூடவே நின்று பார்க்க முடியும் என்பது கூடுதல் வசதி.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து தம்பி போன் செய்தான். டீசல் வண்டி, ஒரே பெல்ட், 1,30,000 கிலோமீட்டர். ஏசி போட்டால் கத்துகிறதாம், தண்ணீர் அடித்தால் சத்தம் கூடுகிறதாம். பேட்டரி போன வருடம் வாங்கியது. மெக்கானிக் பெல்ட் மட்டும் போதும் என்கிறார், சர்வீஸ் சென்டரில் முழு செட் என்கிறார்கள், “எதுண்ணே?” என்றான். டென்ஷனர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கோட்டைத் தாண்டியிருந்தது. அதே மெக்கானிக்கிடமே செட்டாக வாங்கி மாட்டச் சொன்னேன், ஆல்டர்னேட்டர் புல்லியையும் ஒரு தடவை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். புல்லி நன்றாக இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். பழைய பெல்ட்டை ஸ்டெப்னிக்காக டிக்கியில் போட்டு வைக்கவா என்று கேட்டான். தேய்ந்த பெல்ட் எதற்குடா, தூக்கிப் போடு என்றேன்.